சாகஸப் பிரயாணமும் சர்க்காரின் கடமையும்

சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் ரயில்கள் யாவும் பேசின் பிரிட்ஜைக் கடந்த பின்னரே மேற்கிலும் வடக்கிலும் பிரிந்து செல்கின்றன. 2023-ம் வருஷம் ஜூன் மாதம் முதல் அவற்றுள் ஒன்று போடிநாயக்கனூர் வரை செல்கிறது. போடியிலிருந்து சிறிது தூரத்தில்தான் குரங்கணி மலை இருக்கிறது. தோளில் மூட்டையைச் சுமந்து, மலையையும் காட்டையும் காணும் ஆவலோடு வாலிபர் பலர் அவ்வழியே பிரயாணம் செய்கின்றனர். அவர்களைக் காணும்போது நமக்குச் சந்தோஷமும் கவலையும் ஒருங்கே உண்டாகின்றன. சந்தோஷத்திற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. கவலைக்குக் காரணம் 2018-ம் வருஷம் மார்ச்சு 11-ந் தேதி குரங்கணியில் நிகழ்ந்த கோர சம்பவம்.

அன்று சென்னையிலிருந்து ஒரு கூட்டத்தாரும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து மற்றொரு கூட்டத்தாருமாக முப்பதுக்கு மேற்பட்டோர் அம்மலையில் இருந்தனர். மகளிர் தினத்தையொட்டி வந்த சென்னைக் கூட்டத்தில் பெரும்பாலோர் இளம் பெண்கள். கொழுக்குமலையிலிருந்து இறங்கி வருகையில், காய்ந்த புல் அடர்ந்த சரிவில் தீ அவர்களைச் சூழ்ந்து கொண்டது. முதலில் ஓடிச் சென்று உதவியவர்கள் குரங்கணிக் கிராமத்தாரும் மலைவாசிகளுமே. அதன் பின்னரே விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. மாண்டவர்களின் தொகை நாளடைவில் இருபத்து மூன்றாயிற்று. அவர்கள் சென்றது அனுமதி பெறாத பாதை என்று சர்க்கார் தரப்பில் கூறப்பட்டது. சர்க்கார் விசாரணைக்கு உத்தரவிட்டது. வனத்துறை அதிகாரி ஒருவர் வேலையினின்றும் தற்காலிகமாக நீக்கப்பட்டார்.

இவ்விபத்தைக் கண்டு, "உல்லாசத்திற்காக உயிரைப் பணயம் வைப்பானேன்?" என்று வினவியவர்கள் உண்டு. இக்கேள்வி நியாயமானதன்று. தன் நாட்டின் மலைகளையும் நதிகளையும் காலால் நடந்து அறியாதவன் தேசபக்தியைப் புத்தகத்திலிருந்து மட்டுமே கற்க முடியும். வீட்டிற்குள் அடைத்து வைக்கப்பட்ட பெண்குலம் மலையுச்சியை நோக்கிப் புறப்பட்டது நமது சமூகம் பெருமை கொள்ள வேண்டிய விஷயம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. மார்ச்சு மாதத்தில் புல் காய்ந்திருக்கும். சரிவில் தீ கீழிருந்து மேலே செல்லும்போது, தனக்கு முன்னுள்ள புல்லைச் சூடாக்கிக்கொண்டே மனிதரின் ஓட்டத்தை மிஞ்சும் வேகத்தில் ஏறும். மலையில் வாழ்வோருக்கு இது தெரியும். நகரத்திலிருந்து செல்வோருக்குத் தெரியாது. தெரியாதவர்களை அழைத்துச் செல்பவர்களுக்கும், அவர்களைச் சோதனைச் சாவடியில் காணும் அதிகாரிகளுக்கும் உள்ள பொறுப்பு யாது? இதுவே கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடிய தேசம் ஒன்று உண்டு. 1999-ம் வருஷம் ஜூலை 27-ந் தேதி, ஸ்விட்ஜர்லாந்தில் இண்டர்லாக்கன் நகரத்தின் அருகே, மலையோடையில் இறங்கி விளையாடிய பிரயாணிகளைத் திடீர் வெள்ளம் அடித்துச் சென்றது. பதினெட்டுப் பிரயாணிகளும் மூன்று வழிகாட்டிகளும் மாண்டனர். அவர்களை அழைத்துச் சென்ற கம்பெனியின் நிர்வாகிகள் மீது வழக்கு நடந்து, 2001-ம் வருஷத்தில் ஆறு பேர் குற்றவாளிகளெனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அத்துடன் அந்நாடு நிற்கவில்லை. இத்தகைய தொழில்களுக்கு லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் கட்டாயமாக்கும் சட்டமொன்றை 2010-ல் இயற்றி, 2014-ம் வருஷ ஆரம்பத்திலிருந்து அமுலுக்குக் கொண்டு வந்தது. வருஷங்கள் பல கழிந்தாலும், துக்கம் சட்டமாக மாறியது. கடைசி வரிசையில் நின்ற வழிகாட்டியின் தலையில் பழியைச் சுமத்திவிட்டு அந்நாடு மறந்துவிடவில்லை.

நம் மாகாணமும் சும்மா இருந்துவிட்டதாகக் கூறுவது அநீதியாகும். குரங்கணி விபத்தையடுத்து 2018-ம் வருஷத்திலேயே வனப் பிரதேசங்களில் மலையேற்றத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. 2024-ம் வருஷம் அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் ஆரம்பமாயிற்று. பதினான்கு ஜில்லாக்களில் நாற்பது பாதைகள் குறிக்கப்பட்டு, எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என வகுக்கப்பட்டன. மலைவாசிகளிலிருந்தும் அக்கம்பக்கத்துக் கிராமத்தாரிலிருந்தும் வழிகாட்டிகளைத் தேர்ந்து பயிற்சி அளித்தார்கள். மறு வருஷம் காட்டுத்தீக் காலம் வந்ததும், பிப்ரவரி நடுவிலிருந்து மலையேற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. இது பாராட்டத்தக்க காரியம். 2018-ல் இவ்வொரு விதி அமுலில் இருந்திருப்பின் இருபத்து மூன்று குடும்பங்கள் இன்று கண்ணீர் வடிக்க வேண்டியிராது.

எனினும் சர்க்கார் ஏற்று நடத்துவதாலேயே பிரயாணம் அபாயமற்றதாகிவிடும் என்று எண்ணுவது பெருந் தவறு. 2009-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடி ஏரியில் கவிழ்ந்து நாற்பத்தைந்து உயிர்களைக் கொள்ளை கொண்ட படகு, கேரள சர்க்காரின் சுற்றுலாக் கழகத்துக்குச் சொந்தமானது. மேலும், அபாயம் மலையில் மட்டும் இல்லை. எண்ணூருக்கும் வடக்கே உள்ள பழவேற்காடு ஏரியில் 2011-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று உல்லாசமாகப் படகேறிச் சென்றவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் மூழ்கி மாண்டனர். உயிர்காக்கும் சட்டைகள் இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் கரை சேர்ந்திருப்பர்! மலைக்கு ஒரு விதி, ஏரிக்கு ஒரு விதி, கடலுக்கு விதியே இல்லை என்ற நிலைமை இருத்தலாகாது. பணம் பெற்றுக்கொண்டு பிறரை அபாயமுள்ள இடத்திற்கு அழைத்துச் செல்பவர் யாராயினும், அவர் தனியாராயினும் சர்க்காராயினும், ஒரே சட்டத்திற்கு உட்பட வேண்டும்.

இது விஷயத்தில் வடசென்னைவாசிகளுக்குப் பழக்கமான ஒரு முறை உண்டு. புயல் வரும் அறிகுறி தோன்றியவுடன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது. காசிமேட்டு மீனவர் அக்கூண்டின் எண்ணைக் கேட்டறிந்து, அன்றைய வருமானத்தை இழந்தாவது கரையில் நிற்கின்றனர். கடலுக்கு அஞ்சாதவர்கள் என்று உலகம் புகழும் அவர்கள் எச்சரிக்கைக்கு அஞ்சுகின்றனர். அதனாலேயே அவர்கள் தீரர்கள். மலைக்கும் அத்தகைய கூண்டு ஒன்று வேண்டும். காட்டில் எங்கேனும் தீ மூண்டால் செயற்கைக் கோள்களின் மூலம் கண்டறிந்து செய்தி அனுப்பும் ஏற்பாடு டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனத்திடம் இருக்கிறது. அச்செய்தி வழிகாட்டியின் கைக்கு அக்கணமே எட்ட வேண்டும். எட்டியதும் கூட்டத்தைத் திருப்பி அழைத்து வரும் அதிகாரமும் அவனுக்கு இருக்க வேண்டும். கட்டணம் செலுத்தியவர்கள் முணுமுணுப்பார்களே என்று அவன் தயங்கும்படி விடலாகாது.

வழிகாட்டியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 2014-ம் வருஷம் ஏப்ரலில் எவரெஸ்டுச் சாரலில் பனி சரிந்து பதினாறு நேபாளத் தொழிலாளர் மாண்டனர். சிகரம் ஏற வந்த தனவந்தர்களுக்காக மூட்டை சுமந்து வழி அமைத்தவர்கள் அவர்கள். ஒருவனுடைய உல்லாசம் மற்றொருவனுடைய ஜீவனோபாயமாக இருக்குமிடத்தில், அபாயத்தின் பெரும் பங்கு ஏழையின் மீதே விழுகிறது. நமது மலைகளில் வழிகாட்டும் இளைஞர்களுக்கு நிலையான ஊதியமும், இன்ஷூரன்ஸும், விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு நஷ்ட ஈடும் உறுதி செய்யப்பட வேண்டும். ஆபத்தில் முதலில் ஓடி வந்து கை கொடுக்கும் இனத்தவர்களுக்கு நாம் செலுத்தும் கடன் அது.

இறுதியாக, மலைகள் வசதியுள்ளவர்களின் தனிச் சொத்தன்று. மின் நிலையச் சாம்பலும் எண்ணெய்க் கசிவும் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தையும், புகை மண்டிய ஆலைத் தெருக்களையும் கண்டு வளரும் ராயபுரம், திருவொற்றியூர்ச் சிறுவர்களுக்கே தூய காற்றும் பசுங்காடும் முதலில் கிடைக்க வேண்டும். பூண்டிக்கு அருகேயுள்ள கூடியம் குகைகள் பேசின் பிரிட்ஜிலிருந்து ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய தூரத்திலேயே இருக்கின்றன. கற்கால மனிதர் வாழ்ந்த பிரதேசம் அது. தொழிலாளர் பிள்ளைகள் பயிலும் கார்ப்பொரேஷன் பள்ளிகள் ஒவ்வொன்றும் வருஷத்திற்கொரு முறையேனும் தன் மாணவரை, தக்க துணையோடும் கட்டணமின்றியும், அங்கே அழைத்துச் செல்ல சர்க்கார் ஏற்பாடு செய்தல் உசிதம்.

துணிவு வேண்டும், அத்துடன் அறிவும் வேண்டும். இவ்விரண்டையும் இளைஞருக்கு ஊட்டுவது பெரியோர் கடமை. அவர்கள் பத்திரமாக வீடு திரும்பும்படி செய்வது சர்க்காரின் கடமை. குரங்கணியில் கருகிய உயிர்களுக்கு நாம் எழுப்பக்கூடிய ஞாபகச் சின்னம், வேறு எதனையும்விட, தவறாது அமுல் நடத்தப்படும் ஒரு சட்டமே என்பது நமது திடமான அபிப்பிராயம்.