135 மில்லியன் யூரோவும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும்

கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மருமகன் ஒருவனுடன் அண்மையில் வாய்த்தர்க்கத்தில் ஈடுபட நேர்ந்தது. அரசியல் பேசினால் சண்டை வரும் என்று வீட்டில் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். ஆகவே கார்களைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். சண்டை வந்தது.

உலகில் இதுவரை உருவாக்கப்பட்ட பழங்கார்களுள் ஈடிணையற்றது எது என்பதே விடயம். மருமகனிடம் பதில் ஆயத்தமாக இருந்தது. மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1955 ஆம் ஆண்டில் இரண்டே இரண்டு செய்த 300 எஸ்.எல்.ஆர். உலன்ஹவுட் கூப்பே. அவற்றுள் ஒன்று 2022 மே 5 ஆம் திகதி ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரிலுள்ள அந்நிறுவனத்தின் நூதனசாலையில் 135 மில்லியன் யூரோவுக்கு ஏலம் போனது. "இதைவிட என்ன அத்தாட்சி வேணும் மாமா?" என்று கேட்டான்.

நான் கேட்டது வேறொன்று. அந்தக் கார் எந்தப் பந்தயத்தில் ஓடியது? எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. பந்தயத்துக்கென்றே அது வடிவமைக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால், 1955 ஜூன் மாதம் பிரான்சின் லு மான் பந்தயத்தில் அந்நிறுவனத்தின் கார் ஒன்று பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பருவத்தின் முடிவில் நிறுவனம் பந்தயங்களிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. கூரை போட்ட அந்த இரு கார்களும் களம் காணாமலேயே நின்றுவிட்டன. அவற்றை வடிவமைத்த பொறியியலாளர் ருடோல்ஃப் உலன்ஹவுட் ஒன்றைத் தமது சொந்தப் பயணங்களுக்குப் பயன்படுத்தினார். அழகான கார், அதிவேகக் கார்; மறுக்கவில்லை. ஆயினும், எண்ணி இரண்டே செய்யப்பட்டு, வடிவமைத்தவரையும் அவரோடு சேர்ந்த சிலரையும் தவிர வேறெவரையும் எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காத ஒரு வாகனம் உலகின் தலைசிறந்த கார் என்றால், கார் என்ற சொல்லுக்கே வேறு பொருள் தேடவேண்டும்.

ஃபெராரி 250 ஜீ.ரி.ஓ. பற்றியும் இதையே சொல்வேன். 1962 தொடக்கம் 1964 வரை முப்பத்தாறு செய்யப்பட்டன என்பது பொதுவான கணக்கு. இத்தாலிய நீதிமன்றம் ஒன்று 2019 இல் அதனை ஒரு கலைப்படைப்பு என்றே தீர்ப்பளித்தது. தீர்ப்பை நான் முழுமனதுடன் வரவேற்கிறேன். கலைப்படைப்பை ஓவியங்களோடும் சிலைகளோடும் வைத்து மதிப்பிடட்டும். எனது வழக்கு கார்களைப் பற்றியது.

ஏலக்கடைக்காரர்களின் பட்டியல்களை விலக்கிவைத்தால், ஓரளவு மதிக்கத்தக்க தீர்ப்பு 1999 டிசம்பரில் வெளியானது. 33 நாடுகளைச் சேர்ந்த 132 மோட்டார் துறைப் பத்திரிகையாளர்கள் வாக்களித்து 'நூற்றாண்டின் கார்' எதுவெனத் தெரிவு செய்தார்கள். போர்ட் மொடல் ரி 742 புள்ளிகளுடன் முதலிடம். மினி 617 புள்ளிகளுடன் இரண்டாமிடம். சிற்றோன் டீ.எஸ்., வொக்ஸ்வாகன் பீற்றில், போர்ஷ 911 ஆகியன அடுத்தடுத்து வந்தன. முதலிடத்தைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. 1908 இலிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகளைச் செய்து, கமக்காரனும் கார் வாங்கலாம் என்று காட்டியது அது. எனது முறைப்பாடு இரண்டாமிடத்தைப் பற்றியது. மினியை வடிவமைத்த அதே அலெக் இசிகோனிஸ் அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர் செய்த மொறிஸ் மைனரே அந்த இடத்துக்கு உரியது. இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், மொடல் ரியை முதலிடத்திலிருந்து இறக்குவதற்கும் நான் ஆயத்தம்.

இதைச் சொன்னதும் மருமகன் சிரித்தான். அவனுக்கு முன்னரே சிரித்தவர் ஒருவர் உண்டு. மொறிஸ் நிறுவனத்தின் அதிபர் நஃபீல்ட் பிரபு இந்தக் காரை முதன்முதலில் பார்த்தபோது, ஓடு நீக்கி அவித்த முட்டை போலிருக்கிறது என்று இகழ்ந்தார். 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் அது அறிமுகமானது. அதற்குச் சற்று முன்னர் இசிகோனிசுக்கு வண்டி ஒடுங்கலாக இருப்பதாகத் தோன்றவே, மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். பம்பர்கள் ஏற்கெனவே செய்யப்பட்டிருந்தன. அவற்றையும் நடுவில் வெட்டித் துண்டு வைத்து இணைத்தார்கள். ஆரம்பகால மைனர்களின் பம்பர் நடுவில் அந்த ஒட்டு தெரியும். ஒட்டுப்போட்டே பிறந்த கார் ஒட்டுப்போட்டே வாழ்ந்ததில் என்ன வியப்பு? பத்து இலட்சம் விற்பனையான முதலாவது பிரித்தானியக் காரும் அதுவே. ஏறத்தாழ பதினாறு இலட்சம் செய்யப்பட்ட பின்னரே 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது.

ஆனால், எண்ணிக்கையை வைத்து நான் வாதாடவில்லை. எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் இரண்டு கோடிக்கு மேல் விற்ற பீற்றிலோடு மைனர் போட்டியிட முடியாது. எனது அளவுகோல் வேறு. செய்த தொழிற்சாலை இல்லை, உதிரிப்பாகம் இல்லை, பற்றரி இல்லை, பெற்றோலும் இல்லை. அப்போது அந்தக் கார் என்ன செய்கிறது? இந்தப் பரீட்சையை எந்த நடுவர் குழுவும் நடத்தியதில்லை. யாழ்ப்பாணத்தில் 1990 இலிருந்து நாங்கள் நடத்தினோம், விரும்பி நடத்தவில்லை.

அதற்கு முன்னோட்டம் ஒன்றும் இருந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களின் தொடக்கத்திலிருந்து இலங்கைக்குக் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, ஐம்பதுகளில் வந்திறங்கிய மொறிஸ்களையும் ஒஸ்ரின்களையுமே நாடு திரும்பத் திரும்பப் பழுதுபார்த்து ஓட்டியது. எமது கராச்காரர்கள் கைதேர்ந்தது அந்தப் பதினைந்து ஆண்டுகளில்தான்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் பெற்றோலும் பற்றரியும் தடைப்பட்ட பொருட்களாயின. பத்திரிகை அச்சிடும் தாளும் வரவில்லை. பயிற்சிக் கொப்பித் தாளில், கோடுகளின் மேலேயே நாங்கள் செய்திகளை அச்சிட்டோம். எங்கள் ஒழுங்கையில் இரண்டு ஜப்பானியக் கார்கள் செங்கல்லின் மேல் ஏற்றப்பட்டுச் சாக்கு மூடிக் கிடந்தன. 1954 ஆம் ஆண்டு மைனர் ஒன்று மட்டும் ஓடியது. அதை வாடகைக்கு ஓட்டியவரை ஊரில் எல்லோரும் மைனர் அண்ணை என்றே அழைத்தனர். (பழைய தமிழ்ப் படங்களில் வரும் மைனர்களுக்கும் அவருக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை. வெற்றிலை போடுவதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் அவரிடம் இருக்கவில்லை.)

மண்ணெண்ணெயில் பெற்றோல் எஞ்சின் எப்படி ஓடும் என்று இளைய வாசகர்கள் கேட்கக்கூடும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே, மருந்துப் போத்தலில் பத்திரப்படுத்திய சில கரண்டி பெற்றோலைக் காபரேற்றருக்குக் கொடுத்து, முன்புறத்தில் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுற்றி எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டும். எஞ்சின் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயைத் திறந்துவிடலாம். பற்றரி செத்திருந்தால் ஜப்பானியக் காரைத் தள்ளத்தான் வேண்டும்; மைனருக்குக் கைபிடி போதும். அடுத்த பிரச்சினை அமுக்க விகிதம். அது கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் அகாலத்தில் பற்றி, உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோல் இடிக்கும். அந்த மைனரின் 803 சீசீ எஞ்சினுக்கு அமுக்க விகிதம் 7.2 தான். போருக்குப் பிந்திய பிரித்தானியாவின் தரம் குறைந்த பெற்றோலுக்கு ஏற்பச் செய்யப்பட்ட அடக்கமான எஞ்சின், நாற்பது ஆண்டுகளின் பின்னர் எங்கள் மண்ணெண்ணெயையும் சகித்துக்கொண்டது. சிலிண்டருக்குள் நேரடியாக எரிபொருளைப் பீச்சும் 300 எஸ்.எல்.ஆருக்கு அதே மண்ணெண்ணெயை ஊற்றினால் என்ன நடக்கும் என்பதை மருமகனின் கற்பனைக்கே விட்டுவிட்டேன்.

எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே வடிந்து எஞ்சின் எண்ணெயுடன் கலக்கும். ஓட ஓட எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடுவதை அளவுக் கம்பியில் பார்க்கலாம். கூடிய எண்ணெய் தண்ணீராய் இருக்கும். மினி இரண்டாமிடத்துக்கு உரியதன்று என நான் அடித்துச் சொல்வதற்கு இதுவே காரணம். மினியில் கியர்பெட்டியும் எஞ்சினும் ஒரே எண்ணெயில் குளிப்பவை. இடத்தை மிச்சப்படுத்துவதற்கு இசிகோனிஸ் கண்ட அற்புதமான உபாயம் அது. எங்கள் நிலையில் எஞ்சினோடு கியர்பெட்டியையும் சேர்த்துக் கொன்றிருக்கும். பத்து அங்குலச் சில்லுகளோடு ஷெல் விழுந்த குழிகளைக் கடப்பது இன்னொரு கதை. மைனரின் கியர்பெட்டிக்குத் தனி எண்ணெய். சில்லு பதினான்கு அங்குலம்.

1993 இல் ஓரிரவு மானிப்பாய்ப் பக்கமிருந்து எனது தங்கையைப் பிரசவத்துக்காக யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றது அந்தக் கார்தான். விமானங்களுக்கு அஞ்சி முன்விளக்குகளின் மேற்பாதிக்கு மை பூசப்பட்டிருந்தது. உள்ளே மண்ணெண்ணெய் மணம். தங்கை இருமுறை வாந்தியெடுத்தாள். மேடு ஒன்றில் எஞ்சின் திணறியபோது மைனர் அண்ணை இறங்கி, பிளக்குகளைக் கழற்றி, சாரத்தால் கரியைத் துடைத்துப் பூட்டினார். எல்லாம் பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. அவரிடம் இருந்தவை ஒரு ஸ்பானரும் ஒரு ரோர்ச் லைற்றும். அந்தக் குழந்தைதான் மேற்படி மருமகன் என்பதை இவ்விடத்தில் தெரிவித்துக்கொள்வது முறையானது.

இந்த வாதத்துக்கு அவன் சொன்ன மறுப்பு பலமானது. அதை மறைப்பது நேர்மையாகாது. "மாமா, நீங்கள் புகழ்வது காரை இல்லை, அந்த மனிசனை. கதியில்லாமல் ஓடினதைச் சிறப்பு எண்டு சொல்லாதேங்கோ" என்றான். பாதி சரி. தடையும் வறுமையும் எவருக்கும் பெருமையல்ல. மண்ணெண்ணெய்ப் புகையைக் குடித்து இருமியவர்களை நான் அறிவேன். மைனரின் குறைகளையும் அறிவேன். அதன் பிரேக் நம்பத்தக்கதன்று. முன்சில்லைத் தாங்கும் மூட்டுக்குக் கிறீஸ் போடத் தவறினால் ஒருநாள் சில்லு மடிந்து விழும். ஆனால், ஒரு மனிதன் ஒரு ஸ்பானரோடு பத்து நிமிடத்தில் சீர்செய்யக்கூடியதாக ஒரு பொருளை விட்டுவைத்தது யார்? அது வடிவமைப்பு அல்லவா? சிற்றோன் டீ.எஸ். பொறியியலின் உச்சம் என்பதை ஏற்கிறேன். 1962 ஓகஸ்டில் துப்பாக்கிச் சூட்டில் ரயர்கள் கிழிந்த பின்னரும் அது ஜனாதிபதி டி கோலைக் காப்பாற்றியது. ஆனால், அதன் திரவக் குழாய்களில் ஒன்று கசிந்தால் காரே தரையோடு அமர்ந்துவிடும். அதை எழுப்புவதற்கு மைனர் அண்ணையின் திறமை உதவியிராது. அவரைப் போன்ற திறமைசாலிகள் எங்கள் ஒழுங்கையில் இன்னும் இருவர் இருந்தனர். ஜப்பானியக் கார்கள் அப்போதும் செங்கல்லின் மேல்தான் இருந்தன.

பீற்றிலை முன்வைத்து எவராவது வாதாடினால் நான் அதிகம் மல்லுக்கு நிற்கமாட்டேன். அதுவும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பக்கமாக நகர்ந்த சனக்கூட்டத்தில் அந்த மைனரை மறுபடியும் கண்டேன். உள்ளே வயோதிபர்கள் நால்வர். கூரையில் பாய்களும் சட்டிபானைகளும். எஞ்சின் ஓடவில்லை. காலடி வைக்கவும் இடமில்லாத நெரிசலில் ஓட்டி எண்ணெயை வீணாக்குவானேன் என்று, மழையில் நனைந்தபடி மைனர் அண்ணையும் மகனும் அதைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மேலைநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு இது தெரியாத செய்தியன்று. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயர், மைனருக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களைச் செய்விப்பதற்கு இலங்கையைத்தான் நாடினார். 1990களில் இலங்கைப் பட்டறையில் உருவான மட்காட்கள் கப்பலேறி இங்கிலாந்து மைனர்களில் பூட்டப்பட்டன. பிறந்த மண்ணில் மறந்துபோன கைவேலை இங்கு உயிரோடிருந்தது. ஆனால், தலைசிறந்த கார்களின் பட்டியலைத் தயாரிக்கும்போது மட்டும் இந்த நாடுகள் எவரது நினைவுக்கும் வருவதில்லை.

எங்களவர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? அந்தக் கார்களுள் ஒன்றையேனும் மண்ணெண்ணெய்க் கரியோடு அப்படியே வைத்து, இது இப்படித்தான் ஓடியது என்று எழுதிக் காட்சிக்கு வைக்க எவருக்கும் தோன்றவில்லை. மைனர் அண்ணை 2011 இல் காலமானார். சில ஆண்டுகளின் பின்னர் அவரது மகன் காரை விற்றபோது நானும் அங்கிருந்தேன். வாங்க வந்தவர் பண்பானவர். பழங்கார்களில் உண்மையான பற்றுள்ளவர். சிறீ எழுத்து வருவதற்கு முந்திய ஆங்கில எழுத்து இலக்கத் தகட்டைக் கண்டு மகிழ்ந்து படம் எடுத்தார். நடுவே பிளந்த முன்கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். பெற்றோல் தாங்கியை மட்டும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்விக்கப்போவதாகச் சொன்னார். எத்தனை தரம் கழுவினாலும் மண்ணெண்ணெய் மணம் போகாதாம்.

கார் இப்போது திருமணங்களுக்கு வாடகைக்கு ஓடுகிறது என்று கேள்வி. வெள்ளை நிறம் அடித்திருக்கிறார்கள்.