சில்லுக் கம்பெனிகளின் இணைப்பும் சிறு பங்குதாரரும்

ஒரு பெரிய கம்பெனி மற்றொரு கம்பெனியை இன்ன விலைக்கு வாங்கப் போவதாகப் பிரகடனம் செய்கிறது. சந்தையிலோ அப்பங்கின் விலை அதற்குச் சற்றுத் தாழ்வாகவே நிற்கிறது. "இன்று வாங்கி வைத்தால், இணைப்பு முடியும் நாளில் வித்தியாசம் முழுவதும் நமக்கு லாபம்" என்று கணக்கிடுவோர் பலர். ஒருவர் வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரை அயல்நாட்டுக்கு அனுப்ப ரிஸர்வ் பாங்கு இடமளித்திருப்பதால், அமெரிக்கப் பங்குகளை வாங்கும் நம் நாட்டாரும் இந்த ஆசைக்கு ஆளாவது இயல்பே. மின் சில்லு செய்யும் கம்பெனிகளின் விஷயத்தில் இக்கணக்கு எவ்வளவு அபாயகரமானது என்பதை எடுத்துச் சொல்வது நமது கடமையென்று கருதுகிறோம்.

முதலில் ஒரு சட்ட உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும். இணைப்பு ஒப்பந்தம் என்பது கிரயப் பத்திரமன்று. நிபந்தனைகளுக்கு உட்பட்ட உடன்படிக்கையே ஆகும். அந்நிபந்தனைகளுள் தலையாயது பல நாட்டுச் சர்க்கார்களின் சம்மதம். விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட்ட பின்னரும், மூன்றாவது கையெழுத்து ஒன்று பாக்கி நிற்கிறது. சந்தை விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்தக் கையெழுத்து கிடைக்குமா என்ற சந்தேகத்துக்குச் சந்தை இட்ட மதிப்பேயன்றி, வீதியில் கிடக்கும் புதையலன்று.

2016 அக்டோபரில் அமெரிக்கக் குவால்காம் கம்பெனி, நெதர்லாந்து நாட்டு என்எக்ஸ்பி கம்பெனியைப் பங்கு ஒன்றுக்கு 110 டாலர் கொடுத்து வாங்க ஒப்பந்தம் செய்தது. பெரும் பங்குதாரர்கள் போதாதென்று வாதாடவே, 2018 பிப்ரவரியில் விலை 127.50 டாலராக உயர்ந்தது. ஒன்பது அதிகார வட்டாரங்களின் அனுமதி தேவைப்பட்டது, எட்டு இசைந்தன. சீனா ஒன்றே இசையவில்லை. அமெரிக்காவும் சீனாவும் சுங்கவரிப் போரில் இறங்கியிருந்த அந்த 2018 ஜூலையில் கெடு தீர்ந்தது, ஒப்பந்தம் முறிந்தது. வர்த்தகப் பூசலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லையென்று சீனா கூறியது. காரணம் எதுவாயினும், 127.50 டாலரை எதிர்பார்த்திருந்தவருக்குக் கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. குவால்காம் முறிவுத் தொகையாக 200 கோடி டாலர் செலுத்தியது மெய். ஆனால் அத்தொகை சேர்ந்தது கம்பெனியின் பொக்கிஷத்தில், தனிப் பங்குதாரரின் பையில் அன்று.

இஸ்ரேல் நாட்டு டவர் கம்பெனியின் கதையும் இதுவே. 2022 பிப்ரவரியில் இன்டெல் அதற்குப் பங்கு ஒன்றுக்கு 53 டாலர் பேசியது. 2023 ஆகஸ்டில் கெடு முடியும் தறுவாயில் சந்தை விலை சுமார் 34 டாலர். இணைப்பு நடந்தால் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் லாபம்! இவ்வளவு பெரிய லாபம் கேட்பாரற்றுக் கிடந்ததன் பொருள் என்ன? இது நடவாதென்று சந்தை முன்னமே தீர்ப்பளித்துவிட்டது என்பதே. சீனாவின் அனுமதி வராமையால் ஒப்பந்தம் ரத்தாயிற்று.

அயல்நாட்டார் இருவர் பேசும் பேரத்தில் சீனாவுக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். சில்லுகளின் பெருஞ்சந்தை சீனா. அங்கே குறித்த அளவுக்கு மேல் வியாபாரம் செய்யும் கம்பெனிகள் இணையுமுன் அனுமதி பெற வேண்டுமென்பது 2008 முதல் அமலிலுள்ள அந்நாட்டு ஏகபோகத் தடைச் சட்டத்தின் விதி. சீனாவை மட்டும் குறை கூறுவதும் நியாயமன்று. 2018 மார்ச்சில், குவால்காமைக் கைக்கொள்ள முயன்ற பிராட்காம் கம்பெனியைத் தேசப் பாதுகாப்பின் பெயரால் தடுத்தவர் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் அவர்களே. போர்க்கருவி முதல் கைப்பேசி வரை சில்லின்றி இயங்காத இக்காலத்தில், எந்த ராஜ்யமும் இதை வெறும் வியாபாரமாகக் கருதுவதில்லை.

அனுமதி வந்தாலும் ஆபத்து தீர்ந்ததென்பதில்லை. தைவானின் சிலிக்கன் மோஷன் கம்பெனியை வாங்க மாக்ஸ்லீனியர் 2022 மே மாதத்தில் உடன்பட்டது. 2023 ஜூலை 26-ந் தேதி சீனா சம்மதித்தது. பங்கு விலை துள்ளியெழுந்தது. அதே நாளில் வாங்குபவரே ஒப்பந்தத்தைக் கைவிட்டார். எழுந்த விலை விழுந்தது.

நிறைவேறிய இணைப்புகளும் உண்டென்பதை நாம் மறைக்கவில்லை. என்விடியா 2019 மார்ச்சில் மெல்லனாக்ஸுக்குப் பேசிய 125 டாலரை 2020 ஏப்ரலில் கொடுத்துத் தீர்த்தது. ஏஎம்டி, சைலிங்க்ஸ் பங்கு ஒன்றுக்குத் தன் பங்குகள் 1.7234 தருவதாக 2020 அக்டோபரில் கூறி, 2022 பிப்ரவரியில் நிறைவேற்றியது. பின்னதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: விலை பணமாக அன்றிப் பங்காகக் கொடுக்கப்படுமானால், வாங்குபவரின் பங்கு ஏறினால் விற்பவரும் ஏறுவார், இறங்கினால் அவரும் இறங்குவார்.

ஆகவே கணக்கைச் சரியாகப் போட வேண்டும். உதாரணமாக, ஒப்பந்த விலை 100; சந்தை விலை 90; ஒப்பந்தத்துக்கு முந்திய விலை 60 என்று கொள்வோம். நிறைவேறினால் வரவு 10. முறிந்து பழைய விலைக்கே திரும்பினால் நஷ்டம் 30. இத்தகைய பேரங்கள் நான்கில் மூன்று நிறைவேறினால்தான் முதலாவது தப்பும். காத்திருக்கும் காலத்துக்குரிய வட்டி வேறு. தேர்ந்த சட்ட நிபுணர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, இருபது பேரங்களில் பணத்தைப் பிரித்துப் போடும் பெருமுதலாளிக்கு இது ஒரு தொழில். சேமிப்பு முழுவதையும் ஒன்றிலே வைக்கும் சாமானியருக்கு இது சூதாட்டமே.

இணைப்பு முறிந்தாலும் இக்கம்பெனியின் பங்கை இதே விலைக்கு மனமுவந்து வைத்திருப்போமா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். ஆம் என்பவர் தாராளமாக வாங்கலாம். என்எக்ஸ்பி பங்கைப் பொறுமையாக வைத்திருந்தவர்கள் சில வருஷங்களில் 127.50 டாலரைத் தாண்டிய விலையைக் கண்டனர். இல்லை என்பவர் விலகி நிற்பதே விவேகம். தூர தேசத்து அதிகாரி ஒருவர் மேஜைமேல் கிடக்கும் மனுவை நம்பி, இங்கே ஒரு குடும்பத்தின் சேமிப்பைப் பணயம் வைப்பது தகாது.