குதிரைவலு மட்டும் மலை ஏறாது

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த பெருமழையில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மண்சரிவுகள் வீதிகளை மூடின. தோட்டத்து மக்கள் பலர் வெளியேற வழியின்றித் தவித்தனர். இத்தகைய அனர்த்தத்தின் பின், சேற்றிலும் நீரிலும் ஓடக்கூடிய ஆறு சில்லு வாகனம் ஒன்று எம்மிடம் இருந்திருந்தால் என்று எண்ணுவது இயல்பே. அந்த எண்ணத்தோடு கூடவே வரும் முதற் கேள்வி, “எத்தனை குதிரைவலு எஞ்சின் வாங்கலாம்?” என்பதாகும்.

இக்கேள்வியைக் கடைசியாகவே கேட்க வேண்டும் என்பது எமது கருத்து. நிவாரணப் பணம் ஒருமுறைதான் வரும். அதில் வாங்கிய வாகனம் பொருத்தமற்றதாகிவிட்டால், அடுத்த மழையிலும் பிரசவ வேதனையில் துடிக்கும் தாயைக் கம்பளியில் கட்டித்தான் சுமந்து செல்ல வேண்டியிருக்கும்.

முதலில் இவ்வாகனம் எத்தகையது என்று பார்ப்போம். கனடாவில் 1967 முதல் தயாரிக்கப்படும் ‘ஆர்கோ’ இவ்வகையில் பெயர் பெற்றது. தொட்டி போன்ற உடலும், காற்றழுத்தம் குறைந்த ஆறு பருத்த டயர்களும் கொண்டது. ஆறு சில்லுகளும் செயின்களால் ஒன்றாகச் சுழலும். காரைப்போல் முன் சில்லுகள் திரும்புவதில்லை. ஒரு பக்கச் சில்லுகளைப் பிரேக் பிடித்து, மறுபக்கச் சில்லுகளை ஓடவிட்டே வண்டி திரும்பும். பாரம் ஆறு டயர்களிலும் பரவுவதால் சதுப்பு நிலத்தில் எளிதில் புதையாது. இவ்வகை வண்டிகளின் எஞ்சின் பெரும்பாலும் 20 முதல் 30 குதிரைவலு கொண்டதே. ஒரு சாதாரணக் காரின் வலுவில் பாதிகூட இல்லையே என்று வியப்பவர்கள் பின்வரும் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

வண்டியும் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1,000 கிலோ என்று கொள்வோம். நான்கு அடி தூரத்துக்கு ஓர் அடி உயரும் தோட்டத்துப் பாதையில் அதை மேலே இழுக்க 250 கிலோ இழுவிசை வேண்டும். சேற்றின் தடைக்கு இன்னும் 100 கிலோ சேர்ப்போம். மொத்தம் 350 கிலோ. மனிதர் வேகமாக நடக்கும் அளவில், மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது செக்கனுக்கு 1.4 மீற்றர் ஏறினால் போதும் என்போம். ஒரு குதிரைவலு என்பது 75 கிலோவை ஒரு செக்கனில் ஒரு மீற்றர் உயர்த்தும் வலு. இக்கணக்கின்படி சில்லுகளுக்குத் தேவை ஆறரைக் குதிரைவலுதான். பெல்ட்டிலும் செயினிலும் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது எனக் கொண்டால், எஞ்சின் 10 குதிரைவலு தரவேண்டும்.

இதோடு உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே போகப்போகக் காற்று ஐதாகும். சாதாரண எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து 700 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் உள்ளது. அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். கொழும்பில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்த வண்டி அப்புத்தளையில் சோர்ந்துபோவது இதனாலேயே. இந்த இழப்பை ஈடுசெய்தால் 12 குதிரைவலு வரும். வளைவுகளில் திரும்பும்போது டயர்கள் பக்கவாட்டில் இழுபடுவதற்கு மேலும் பாதி அளவு வேண்டும். கொஞ்சம் கையிருப்பும் சேர்த்தால் 20 குதிரைவலு. இவ்வேலைக்கு இதுவே போதுமானது.

அப்படியானால் 50 குதிரைவலு இன்னும் நல்லதல்லவா என்று கேட்கலாம். இங்கேதான் மண் தன் தீர்ப்பைச் சொல்கிறது. மழையில் நனைந்த செம்மண்ணில் டயரின் பிடிப்பு, வண்டியின் நிறையில் பத்தில் நான்கு பங்கு என்று வைத்துக்கொண்டால், 400 கிலோவுக்கு மேல் அவ்வண்டியால் இழுக்கவே முடியாது. எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் மீதி வலு சில்லைச் சுழற்றிப் பாதையைத் தோண்டத்தான் பயன்படும். தோண்டிய தடத்தில் அடுத்த மழைநீர் ஓடும், பாதை கானாகிவிடும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது எஞ்சினுக்கும் பொருந்தும்.

இதை விளக்க வெளிநாட்டு வாகனம் தேவையில்லை. எமது வயல்களிலும் மரக்கறித் தோட்டங்களிலும் ஓடும் இருசில்லு லேண்ட்மாஸ்டரைப் பாருங்கள். ஏறத்தாழ 10 குதிரைவலுவோடு பெட்டி நிறையப் பாரம் இழுக்கிறது. அதன் இரகசியம் குறைந்த கியரில் இருக்கிறது. வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையைப் பெறுகிறது. எனவே வாகனம் தெரிவு செய்வோர், “இதன் மிகக் குறைந்த கியரில், முழுப் பாரத்தோடு, எவ்வளவு சரிவில் நின்று மீண்டும் புறப்படும்?” என்று கேட்கட்டும். விற்பனையாளர் காகிதத்தில் காட்டினால் போதாது. தோட்டத்துப் பாதையிலேயே ஓட்டிக்காட்ட வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்தானது. நோயாளியை ஏற்றிய வண்டி மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கீழ்நோக்கித்தான் வருகிறது. குறைந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பெல்ட்டால் இயங்கும் சில வண்டிகளில் இந்த எஞ்சின் பிடிப்புச் சரியாகக் கிடைப்பதில்லை. பிரேக் இல்லாத பெட்டியைப் பின்னால் கொளுவி ஆட்களை ஏற்றுவதோ உயிரோடு விளையாடுவதாகும்.

இனி நீரைப் பற்றி. இவ்வண்டி மிதக்கும் என்பது உண்மை. ஆனால் டயர்களின் பற்களே துடுப்பாகத் தள்ளுவதால், அசையாத நீரிலும் மணிக்கு நான்கைந்து கிலோமீற்றர்தான் போகும். பெரிய எஞ்சின் இதை மாற்றாது. நீரில் வேகத்தை இரு மடங்காக்க ஏறத்தாழ எட்டு மடங்கு வலு வேண்டும். பெருமழையில் மலைச்சரிவில் பாயும் ஓடையோ செக்கனுக்கு மூன்று மீற்றர், அதாவது மணிக்குப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடும். ஓடும் வெள்ளம் இரண்டடி உயர்ந்தாலே பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும். மிதப்பதற்கென்றே செய்யப்பட்ட இலேசான வண்டியை இன்னும் முன்னதாகவே இழுக்கும். ஆழம் அறியாமல் காலை விடாதே என்ற முதியோர் சொல்லோடு, வேகம் அறியாமல் விடாதே என்பதையும் சேர்த்துக்கொள்வோம். பெருகி ஓடும் பதுளு ஓயாவைக் கடக்க இது ஏற்ற சாதனமல்ல.

அப்படியென்றால் ஊவாவுக்கு இவ்வாகனமே வேண்டாமா? வேண்டிய இடம் உண்டு. மகியங்கனைப் பக்கத்து மகாவலித் தாழ்நிலங்களில் வெள்ளம் பரந்து தேங்கி நிற்கும்போது, நீரும் சேறும் மாறிமாறி வரும் வயல்வெளிகளில் இது பயன்படும். மாவட்ட மட்டத்தில் ஒன்றிரண்டை வைத்து, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு இயக்குவது நியாயமானது. ஆனால் பசறை, லுணுகலை, அப்புத்தளை, கொஸ்லந்தைத் தோட்டங்களுக்கு நாலு சில்லும் இழுக்கும் சிறிய டிரக்டரோ டீசல் வாகனமோ, குறைந்த கியரும் நல்ல பிரேக்கும் நல்ல டயரும் கொண்டதாக இருந்தால் பொருத்தமானது. அதைப் பதுளையிலேயே திருத்தலாம். சாதாரண நாட்களில் தண்ணீரும் உரமும் ஏற்றலாம். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் வாகனம், எடுக்கும் நாளில் ஸ்டார்ட் ஆகாது. 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாம், பெரிய எஞ்சின் குடிக்கும் எண்ணெயையும் மறக்கக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, எந்த எஞ்சினாலும் அந்த மக்களைக் காப்பாற்றியிருக்க முடியாது. முன்கூட்டியே பாதுகாப்பான இடத்தில் குடியேற்றியிருந்தால் மட்டுமே முடிந்திருக்கும். அதுபோலவே, கான் வெட்டி மதகு கட்டி ஒழுங்காக வைத்த பாதையில் சாதாரண அம்புலன்ஸே வந்துவிடும். பிரதேச சபை நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. “இது கம்பனியின் பாதை” என்று சபையும், “எம்மிடம் பணமில்லை” என்று கம்பனியும் கைவிரிப்பதை ஏற்க வேண்டியதில்லை.

ஆகவே தோட்டத்து நலன்புரிச் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் முதலில் தம் பாதையை அளக்கட்டும். எங்கே எவ்வளவு சரிவு, எந்த ஓடையில் எப்போது எவ்வளவு நீர், ஒரு தடவையில் எத்தனை பேரை இறக்க வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதட்டும். அடுத்து டயர், கியர், பிரேக், திருத்துமிடம், ஓட்டுனர் ஆகியவற்றைப் பார்க்கட்டும். எல்லாவற்றுக்கும் பின் எஞ்சினின் வலு எவ்வளவு என்பதை அந்தக் கொப்பியே சொல்லிவிடும். அளந்த கணக்கோடு போகும் மக்களிடம் எந்த அதிகாரியும் எந்த விற்பனையாளரும் கவனமாகவே பேசுவார்கள்.