ஆழ்குழாய்க் கிணற்றுக்கும் ஒரு பாதாளக் கரண்டி வேண்டும்

பாதாளக் கரண்டி என்னும் சாதனத்தை நாற்பது ஐம்பது வருஷங்களுக்கு முன் அறியாத கிராமவாசிகள் இல்லை. வளையம் ஒன்றிற் பல கொக்கிகளைக் கோத்து, அதனைக் கயிற்றிற் கட்டிக் கிணற்றில் இறக்கித் துழாவினால், அறுந்து விழுந்த வாளியோ தவறி விழுந்த குடமோ ஏதேனும் ஒரு கொக்கியில் அகப்பட்டு மேலே வந்துவிடும். தெருவில் ஒரு வீட்டில் அது இருந்தாற் போதும்; தெரு முழுவதுக்கும் உதவிற்று. இரவல் கொடுக்கும் வீட்டார் ஒரு செம்பையோ தவலையையோ ஈடாக வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. வாளி விழுந்துவிட்டது என்பதற்காகக் கிணற்றைத் தூர்த்துவிட்டு வேறு கிணறு வெட்டியவர் எவரும் இல்லை.

இக்காலத்துக் குடியானவரோ ஏறக்குறைய அதையே செய்துவருகின்றனர். நாலரை அங்குலம் அல்லது ஆறரை அங்குல அகலமும் சில நூறு அடி ஆழமும் உள்ள ஆழ்குழாய்க் கிணற்றில் இறைவைத் தண்டோ, குழாயோ, நீர்மூழ்கி மோட்டாரோ கழன்று விழுந்துவிட்டால், இரண்டொரு நாள் கம்பியும் கொக்கியும் விட்டுப் பார்க்கின்றனர். பிறகு “போர் போய்விட்டது” என்று சொல்லிப் பக்கத்தில் வேறொன்று போட வண்டிக்கு ஆள் அனுப்புகின்றனர். இது பெரும்பாலும் வீண் செலவு என்பதும், கிராமந்தோறும் நல்லதொரு மீட்புக் கருவி இருக்குமாயின் இச்செலவில் பெரும்பங்கைத் தவிர்க்கலாம் என்பதுமே இங்கே எடுத்துச் சொல்லப்படும் அபிப்பிராயம்.

விழுப்புரம் ஜில்லாவின் நிலத்தடியைக் கவனித்தால் இதன் உண்மை விளங்கும். கிழக்கே வானூர்ப் பக்கத்திலும் கடலோரத்திலும் மணற்கல், களிமண் முதலிய படிவுகள் உள்ளன. ஏனைய பெரும்பகுதி, செஞ்சியும் திண்டிவனம், விழுப்புரம் தாலூக்காக்களிற் பல கிராமங்களும் உட்பட, கெட்டிப் பாறையாகும். பாறையில் நீர் பரவி நிற்பதில்லை. வெடிப்புகளிலும் பிளவுகளிலும் மட்டுமே ஓடுகின்றது. துளை அப்பிளவைத் தற்செயலாய்த் தொட்டால் ஊற்று. ஒரு கஜம் விலகினால் வெறும் புகையும் கற்பொடியுமே. ஆகவே நீர் கொடுத்துவந்த ஒரு துளை, தண்டு விழுந்த காரணத்தினாலேயே நீரற்றதாகிவிடவில்லை. அதை விட்டு இருபது அடி தள்ளிப் போடும் புதுத் துளைக்கு அதே பிளவு அகப்படும் என்று ஜோசியரும் சொல்ல முடியாது. மார்கழிப் பட்டத்து நிலக்கடலை பூத்து ஊசி இறங்கும் மாசி மாதத்தில் ஒரு தண்ணீர் தவறினால் அதன் பலன் என்னவென்று இந்த ஜில்லாக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. டி. எம். வி. 2 போன்ற ரகங்களைத் தந்த திண்டிவனத்துக்கு அருகில் வசிப்பவர்கள் இதனை நன்கு அறிவார்கள்.

தண்டு எவ்வாறு விழுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஊர்தோறும் காணப்படும் இந்தியா மார்க் II கைப்பம்பை எடுத்துக்கொள்வோம். 1970-ஆம் வருஷங்களில் யூனிசெப் ஸ்தாபனத்தின் உதவியுடன், சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் தொழிற்சாலையும் மெராடோ என்னும் இயந்திர ஆராய்ச்சி நிலையமும் ஈடுபட்டு உருவான பம்பு அது. அதன் தண்டு 12 மில்லிமீட்டர் கனமும் 3 மீட்டர் நீளமும் உள்ள கம்பிகளாகத் திருகிச் சேர்க்கப்படுவது. நூறடி ஆழத்தில் தொங்கும் குழாய், தண்டு, உள்ளே நிற்கும் நீர் ஆகிய இவையாவும் சேர்ந்து ஒன்றரைக் குவிண்டாலுக்குக் குறையாது. மார்க் II-இல் தண்டு மட்டும் ஒடிந்தால் அது குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். குழாயை ஒவ்வொன்றாய் மேலே எடுத்தால் தண்டும் உடன் வரும். அதற்கு மீட்புக் கருவி வேண்டியதில்லை. ஆனால் குழாயை எடுக்கும்போது பிடிப்பான் நழுவினாலோ, மரை தேய்ந்த மூட்டு விட்டுக்கொண்டாலோ, அவ்வளவு பாரமும் துளையின் அடிக்குப் போய்ச் சேரும். நடைபெறும் விபத்துகளிற் பெரும்பாலானவை இவ்விதமானவையே. அதாவது கிணறு தானாகக் கெடுவதில்லை. பழுது பார்க்கும் கையிலேயே கெடுகின்றது. தண்டைப் பிடிக்கும் வைசும் குழாய்க்குரிய கிளாம்பும் இல்லாமல், பைப் ரெஞ்சு ஒன்றையே நம்பி வேலை தொடங்குவோர் இதனை மனத்திற் கொள்வாராக.

1983 முதல் 1988 வரை கோயம்புத்தூர்ப் பிரதேசத்தில் கைப்பம்புகளை வைத்து நெடுநாட் பரீக்ஷை நடந்தது. அதன் பயனாக ஏற்பட்ட மார்க் III பம்பில் மேற்குழாய் இரண்டரை அங்குலம். பிஸ்டனையும் அடிவால்வையும் குழாயைத் தொடாமல் தண்டோடு மேலே இழுத்துவிடலாம். இது பெருத்த செளகரியம். எனினும் அங்கே தண்டு ஒடிந்தால், அகன்ற குழாயின் உள்ளே கிடக்கும் அதனை மீட்கக் கருவி அவசியமாகின்றது. நீரிறைக்கும் காற்றாலைகளுக்கும் இது பொருந்தும். வானூர் தாலூக்காவைச் சேர்ந்த ஆரோவில்லில் ஆரேகா என்னும் பட்டறை அத்தகைய காற்றாலைகளைச் செய்தது. காற்றுள்ளபோதெல்லாம் இரவு பகலாக மேலும் கீழும் ஏறி இறங்கும் தண்டில் மூட்டுகள் தேய்வது இயல்பேயாகும்.

இனி, கருவியைப் பற்றி. பழைய பாதாளக் கரண்டி அகன்ற கிணற்றிற்கு உரியது. குறுகிய துளையில் அதன் கொக்கிகள் சுவரிற் சிக்கிக்கொள்ளும். துளைக்கிணற்றுக்கு வேண்டுவது மணியின் வாய்போல் விரிந்த அடியுள்ள ஒரு குழாய்த்துண்டு. விழுந்த தண்டு நேராக நிற்பதில்லை. சுவரிற் சாய்ந்தே நிற்கும். ஆதலால் மணிவாயின் விளிம்பு துளையின் அகலத்திற்குச் சற்றே குறைந்திருந்தால்தான் சாய்ந்த தலையை நடுவுக்குத் தள்ளி உள்ளே வாங்கும். மிகக் குறைந்தால் தலை வெளியே நழுவும். மிகச் சரியாயிருந்தால் கருவியே இறுகிவிடும். உள்ளே, கீல் வைத்த சிறு தாழ் ஒன்று இருத்தல் வேண்டும். தண்டின் கப்பிளிங்கு மேலே நுழையும்போது அது விலகிக் கொடுத்து, நுழைந்தபின் கப்பிளிங்கின் அடியில் விழுந்து தாங்கிக்கொள்ளும். கப்பிளிங்கு இன்றி மொட்டையாய் ஒடிந்த தண்டுக்குத் தாழ் பயன்படாது. அதற்குப் பல் வெட்டிய இரண்டு ஆப்புகள் சரிவான உறையில் அமைந்திருக்க வேண்டும். இழுக்க இழுக்க அவை இறுகும். குழாயே விழுந்திருந்தால், குழாய்மூட்டின் அடியிற் கொளுவும் வகையோ, குழாயின் வாயில் நுழைந்து மரை வெட்டிக்கொள்ளும் கூம்பு வகையோ தேவை.

பட்டறைக்காரர்கள் வழக்கமாய் மறக்கும் அம்சம் ஒன்றுண்டு. கேசிங் குழாய் பாறை தொடங்கும் இடத்தோடு நின்றுவிடுகின்றது. கருவி திரும்பி வரும்போது அதன் மேல்விளிம்பு தட்டையாயிருந்தால் கேசிங்கின் அடிவிளிம்பில் மாட்டிக்கொள்ளும். ஆகையால் தோள் சரிவாயிருத்தல் இன்றியமையாதது.

கருவியைக் கயிற்றில் இறக்குவது எளிது. ஆனால் கயிற்றால் அதனைத் திருப்ப முடியாது. பம்புக்குரிய தண்டுகளிலேயே திருகி இறக்கினால், வலப்புறமாய் மெல்லத் திருப்பித் துழாவலாம். இடப்புறம் திருப்பினாற் சொந்த மூட்டே கழன்று, விழுந்ததோடு மற்றொன்றும் சேர்ந்துவிடும். இறக்குமுன் கட்டையொன்றின் அடியில் மெழுகையோ சோப்பையோ அப்பி, விழுந்த பொருளின் தலைமேல் ஒருமுறை அமிழ்த்தி எடுத்துப் பார்ப்பது உத்தமம். அதிற் பதிந்த அடையாளத்தைக் கொண்டு தலை எப்பக்கம் சாய்ந்திருக்கின்றது, கப்பிளிங்கு உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம். துளைக்குள் இறக்கும் காமிரா இப்போது வாடகைக்குக் கிடைக்கின்றது. கிடைக்கும் இடத்தில் அதுவே மேல். நீர்மூழ்கி மோட்டார் விழுந்திருந்தால் கேபிளும் கயிறும் அதன்மேற் சுருண்டு கிடக்கும். முட்கள் வைத்த ஈட்டியால் அவற்றை முதலில் எடுத்துவிட்டே மோட்டாரைத் தொடவேண்டும்.

பிடித்த பின்னர் அவசரம் கூடாது. டிராக்டரிற் கயிற்றைக் கட்டி இழுப்பது சில கிராமங்களில் வீரச் செயலாய் நினைக்கப்படுகின்றது. அது மீட்பாகாது. முக்காலி நட்டுச் சங்கிலிக் கப்பியினால் சிறிது தூக்கி, சிறிது தளர்த்தி, மீண்டும் தூக்குதலே முறை. ஆனால் வேலையைத் தொடங்குவதில் தாமதமும் கூடாது. நாளாக ஆகச் சேறும் கல்லும் படிந்து விழுந்த பொருளைக் கவ்விக்கொள்ளும். முதல் வாரத்தில் எளிதில் வருவது ஆறு மாதம் கழித்து வராது. எவ்வளவு முயன்றும் அசையாதபோது கருவியைக் கழற்றிக்கொண்டு நிறுத்திவிடுவதே புத்தி.

“இவையெல்லாம் மெக்கானிக்கிடம் இருக்கின்றனவே, குடியானவனுக்கு ஏன்?” என்று கேட்கலாம். நகரத்து மெக்கானிக்கிடம் இருப்பது உண்மையே. அவர் வருவதற்குள் ஆகும் நாட்களையும், அவருக்கும் புதுத் துளை போடுவோருக்கும் உள்ள பழக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லோரும் அப்படியல்லர்; ஆயினும் பழைய துளையை மீட்பதில் ஆதாயம் உள்ளவர் கிணற்றுக்குடையவர் ஒருவரே. தமிழ்நாட்டில் கைப்பம்புகளுக்கென்று முன்னர் ஏற்பட்ட மூன்றடுக்குப் பராமரிப்பு ஏற்பாட்டிலும் இக்குறை இருந்தது. ஊர்ப் பராமரிப்பாளர் கையில் ஸ்பேனர் இருந்தது. பாரமான சாமான்கள் ஜில்லாவின் நடமாடும் வண்டியில் இருந்தன. வண்டி வரும் வரையில் பம்பு சும்மா நின்றது.

எனவே பத்துப் பட்டாதாரர்கள் சேர்ந்து ஒரு கருவியை வாங்குவதே தக்கது. அதனை ஊராட்சி அலுவலகப் பெட்டியிற் பூட்டி வைப்பது நல்லதென்று சிலர் எண்ணுவர். சாவி உள்ளவர் ஊரில் இராத நாளிலேயே தண்டு விழும் என்பது அனுபவம். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஒப்புவிக்கலாம். அல்லது எப்போதும் ஊரிலிருக்கும் ஒருவர் வீட்டில், பழைய வழக்கப்படி ஈடு வாங்கிக்கொண்டு கொடுக்கும் நிபந்தனையோடு வைக்கலாம். பின்னதே சிறந்தது.

மீட்க முடியாத துளையைத் திறந்தபடி விட்டுவிடுவது குற்றமாகும். 2014 ஏப்ரலில், அப்போது விழுப்புரம் ஜில்லாவிற் சேர்ந்திருந்த தியாகதுருகம் பக்கத்தில் ஒரு பெண் குழந்தையும், 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பையனும் இவ்வாறே துளைக்கிணறுகளில் விழுந்து உயிரிழந்தனர். சுப்ரீம் கோர்ட்டு 2010-இல் விதித்த முறைகளின்படி, கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரையிற் களிமண், மணல், கல் முதலியவற்றால் நிரப்பவேண்டும். பம்பைப் பழுது பார்க்கும் காலத்திலும் துளையை மூடாமல் விடலாகாது. தண்டு எடுக்க வந்தவர்கள் பகல் உணவுக்குப் போகும் ஒரு மணி நேரமும் இதில் அடங்கும். ஆதலால் மீட்புக் கருவியுடன் இரும்பு மூடி ஒன்றும் போல்ட்டுகளும் சேர்த்தே வாங்கப்படவேண்டும். மூடியில்லாமற் கருவியை இரவல் கொடுக்கலாகாது.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சிச் செயலரும் செய்யக்கூடிய உபகாரம் ஒன்றுண்டு. துளை எத்தனை அடி, கேசிங் எத்தனை அடி, அகலம் எவ்வளவு, எத்தனை தண்டு அல்லது குழாய் இறங்கியிருக்கின்றது என்னும் நான்கு விவரங்களை, துளை போட்ட அன்றே ஒரு நோட்டில் எழுதி வைத்தல் வேண்டும். மீட்க வருகிறவர் முதலிற் கேட்பது இவையே. உடையவரோ அநேகமாய்த் தந்தையார் காலத்து ஞாபகத்தைச் சொல்லுகின்றார். 2024 டிசம்பர் முதல் தேதியை ஒட்டி வீசிய பெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளிற் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்து, பல ஊர்களில் மின்சாரம் நின்றபோது, பழுதின்றி இருந்த கைப்பம்புகளின் அருமை தெரிந்தது. பழுதாய்க் கிடந்தவை எந்த ஆழத்தில் எதனைத் தாங்கி நிற்கின்றன என்று சொல்ல நோட்டு இல்லை.

கருவி வாங்குவோர் அதைப் பட்டறையிலேயே சோதித்தல் வேண்டும். தங்கள் துளையின் அகலமுள்ள கேசிங் துண்டு ஒன்றை நிறுத்தி, அதனுள் ஒரு பழைய தண்டைச் சாய்த்துப் போட்டு, மேலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கச் சொல்லலாம். மூன்று தடவையில் இரண்டு தடவையாவது அகப்படாத கருவிக்குப் பணம் கொடுக்கவேண்டியதில்லை. இதற்கு உகந்த காலம் மார்கழிக் கடலை விதைப்பதற்கு முன்னுள்ள கார்த்திகை மாதம். பட்டறைகளிலும் அப்போது நெருக்கடி குறைவு.