தோற்றது குழந்தையல்ல

ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாத குழந்தைகளை அதே வகுப்பில் நிறுத்திவைக்க, 2019இல் திருத்தப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் வழிதிறந்தது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தனது பள்ளிகளுக்கு அதை விதியாகவே ஆக்கியது. இரண்டு மாதக் கூடுதல் பயிற்சி, மறுதேர்வு. அதிலும் தவறினால் பழைய வகுப்பு.

பின்தங்கிய குழந்தையைக் கைதூக்கிவிடுவது தோல்வி முத்திரையல்ல. அதனாலும் முடியும் என்று நம்பி, தடுமாறும் இடத்தைக் கண்டறிந்து, சலிக்காமல் மீண்டும் சொல்லித்தரும் ஆசிரியரே அதைச் செய்கிறார். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு அவரன்றி வேறு துணையில்லை.

அந்த ஆசிரியர் எங்கே? தொடக்கப் பள்ளியில் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுச் சட்டம். 2024-25 கல்வியாண்டில் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இருந்தவர் ஒரே ஆசிரியர். அத்தனை வகுப்புகளையும் பதிவேடுகளையும் ஒருவரே சுமக்கும்போது, எந்தக் குழந்தையின் அருகில் அவர் அமர்வார்? ஆட்சியாளர்கள் தங்கள் கடமையில் தவறிவிட்டு, பழியைக் குழந்தையின் மதிப்பெண் பட்டியலில் எழுதுகின்றனர்.

காலிப் பணியிடங்கள் நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு நிரப்பப்பட வேண்டும். கட்சிக் கிளைகள் தத்தம் பகுதிப் பள்ளிகளின் காலியிடங்களைக் கணக்கெடுத்து, பெற்றோரையும் ஆசிரியர் சங்கங்களையும் இக்கோரிக்கைக்காகத் திரட்டட்டும்.