ஆறு மாசத்துல டெக்னீஷியனா? ஃபீஸ் கட்டும் முன் ஒரு நிமிஷம்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. நீட்டில் எம்பிபிஎஸ் சீட் கிடைக்காது என்பதும் தெரிஞ்சு போச்சு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பல வீடுகளில் அடுத்து வரும் பேச்சு, ‘சரி, ஏதாவது ஒரு பாராமெடிக்கல் கோர்ஸ்ல சேர்த்து விட்டுடலாம்’ என்பதுதான். அந்த ‘ஏதாவது ஒரு’ என்ற வார்த்தையில்தான் சிக்கலே இருக்கிறது. ‘ஆறு மாத கோர்ஸ், உடனே வேலை’ என்று விளம்பரம் செய்பவர்கள் குறிவைப்பதும் இந்த அவசரத்தைத்தான்.

டாக்டர் மட்டும்தான் மருத்துவத் துறையா?

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில், 2017-ல் திறக்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அமைப்பின் சென்னைக் கிளை அது. அரவிந்த் மருத்துவமனைகளில் டாக்டர் உங்களைப் பார்ப்பதற்கு முன்பே பார்வை அளவு, கண் அழுத்தம் போன்ற பரிசோதனைகள் முடிந்துவிடும். அதைச் செய்பவர்களில் பெரும்பாலானோர் பிளஸ் டூ முடித்து, அங்கேயே உதவித்தொகையுடன் இரண்டு வருடம் பயிற்சி பெற்ற பெண்கள். ஆபரேஷன் தியேட்டரிலும் அவர்கள்தான் டாக்டருக்கு உதவி.

கண் பரிசோதனைக்கே முழுசா இரண்டு வருடப் பயிற்சி தேவைப்படுகிறது. அப்படியென்றால் டயாலிசிஸ் மெஷினை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ள முடியுமா?

சட்டம் என்ன சொல்லுது?

லேப், ரேடியாலஜி, டயாலிசிஸ், பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி என 50-க்கும் மேற்பட்ட தொழில்களுக்காக 2021-ல் ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன்படி துணை மருத்துவத் தகுதி என்றால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, இரண்டு முதல் நான்கு வருடங்களில். பிசியோதெரபி போன்ற தொழில்முறைப் பட்டம் என்றால் குறைந்தது 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு வருடங்களில்.

இப்போ கணக்குப் போடுங்க. தினம் 6 மணி நேரம், மாதம் 26 நாள், ஆறு மாதம். மொத்தம் 936 மணி நேரம். சட்டம் கேட்பதில் பாதிகூட இல்லை.

சேரும் முன் மூன்று கேள்விகள்

1. படித்து முடித்ததும் எங்கே பதிவு செய்வீர்கள்? நர்சிங் என்றால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில், ஃபார்மசி என்றால் ஃபார்மசி கவுன்சில். பட்டப்படிப்பு என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா, அல்லது அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமா என்று பாருங்கள். ‘எங்க சர்ட்டிஃபிகேட்டே போதும்’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

2. எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி? பெயரைக் கேளுங்கள். அங்கேயே நேரில் போய் விசாரியுங்கள்.

3. அரசு கவுன்சிலிங்குக்கு விண்ணப்பித்தாச்சா? பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம், பாராமெடிக்கல் பட்டப்படிப்புகளுக்கு மாநில அரசு தனியாகக் கவுன்சிலிங் நடத்துகிறது. அதற்கென்று தனிக் கடைசித் தேதி உண்டு. எந்தப் படிப்புக்கு என்ன தகுதி என்பது மாறக்கூடியது என்பதால், அந்த வருடத்தின் விளக்கக் குறிப்பேட்டைப் படியுங்கள். நீட் முடிவுக்காகக் காத்திருந்து இந்தத் தேதியைக் கோட்டை விடாதீர்கள்.

மாணவர் மட்டுமே பொறுப்பா?

இல்லை. 2021-ல் வந்த சட்டத்துக்கான கவுன்சில்களை அமைக்கவே, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மத்திய, மாநில அரசுகளுக்கு இரண்டு மாதக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. அரசு காட்டிய இந்தத் தாமதத்துக்கு விலை கொடுப்பது, நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டும் குடும்பங்கள்தான். பதிவு செய்ய முடியாத சான்றிதழோடு வெளியே வருபவருக்குப் பணமும் போச்சு, வயசும் போச்சு. அவர் கையில் ஊசியையோ மெஷினையோ கொடுத்தால் ஆபத்து நோயாளிக்கும்தான்.

ஆகவே, அங்கீகாரம் பெற்ற படிப்புகள், கல்லூரிகளின் பட்டியலை மாவட்ட வாரியாகத் தமிழில், ரிசல்ட் வரும் முன்பே அரசு வெளியிட வேண்டும். ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் அது இருக்க வேண்டும். அனுமதியில்லாமல் கோர்ஸ் நடத்துபவர்கள் மீது புகார் வரும்வரை காத்திருக்கவும் கூடாது.

இந்த வேலைகள் சுலபமானவை இல்லை. நைட் ஷிஃப்ட் உண்டு. பல தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆரம்பச் சம்பளம் குறைவு. ஆனால் தேவை கூடிக்கொண்டேதான் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டும் நர்ஸும் வீடு தேடியே வருகிறார்கள். முறையாகப் படித்தவர்களுக்கு இங்கே இடம் இருக்கிறது.

உங்கள் வீட்டில் தம்பியோ தங்கச்சியோ இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருந்தால், ஃபீஸ் கட்டப் போகும் நாளில் நீங்களும் கூடவே போங்கள். முதல் கேள்வியை நீங்களே கேளுங்கள்.