பிக் ஃபைவ் பார்த்தாச்சா?

ஆப்பிரிக்கா போய் வந்தேன் என்று சொன்னால் போதும், வகுப்பில் முதல் கேள்வி இதுதான்: "பிக் ஃபைவ் பார்த்தாச்சா?" இரண்டாவது கேள்வி, "போட்டோ இருக்கா?"

குடும்பத்தோடு சஃபாரி போகிறவர்கள் இந்த இரண்டு கேள்விகளையும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

முதலில், இந்தப் பட்டியலே யார் போட்டது? சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை. இந்த ஐந்தையும் சேர்த்தவர்கள் விலங்கை ரசிக்க வந்தவர்கள் இல்லை, சுட வந்தவர்கள். தரையில் நடந்து போய் வேட்டையாட எவை கஷ்டமோ, எவை திருப்பித் தாக்கினால் உயிருக்கு ஆபத்தோ, அவைதான் பட்டியலில் இடம்பிடித்தன. அதனால்தான் ஒட்டகச்சிவிங்கி அதில் இல்லை. கென்யாவில் 1977-லேயே வேட்டைக்குத் தடை போட்டுவிட்டார்கள். துப்பாக்கி போய்விட்டது, பட்டியல் மட்டும் போகவில்லை. துப்பாக்கி இருந்த கையில் இப்போது கேமரா இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, பட்டியல் வைத்துக்கொண்டு பார்த்தால் என்ன கெட்டுப்போகும் என்கிறீர்களா? சொல்கிறேன்.

சித்தப்பா நைரோபியில் வேலை பார்க்கிறார். அந்தத் தைரியத்தில்தான் 2025 காலாண்டு விடுமுறையில் அப்பா, அம்மா, தம்பி, நான் என்று நாலு பேரும் கிளம்பினோம். மூன்று நாள் மாசாய் மாரா. சுமார் 1,510 சதுர கிலோமீட்டர் புல்வெளி. ஜூலை முதல் அக்டோபர் வரை தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து லட்சக்கணக்கில் வில்டபீஸ்ட் கூட்டம் புல் தேடி இங்கே வரும். கூடவே வரிக்குதிரைகளும் வரும். அவற்றைப் பார்க்க வேன்களும் வரும்!

ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ரேடியோ. "சிம்பா" என்று அதில் சத்தம் வந்தால் சிங்கம், "சுயி" என்றால் சிறுத்தை. உடனே எல்லா வண்டியும் ஒரே திசையில் பறக்கும். போய்ச் சேர்வதற்குள் அங்கே பதினைந்து வண்டி நிற்கும். இரண்டு நிமிஷம், நாலு போட்டோ, அடுத்தது. திருப்பதியில் "ஜருகண்டி, ஜருகண்டி" என்று தள்ளிவிடுவார்களே, கிட்டத்தட்ட அதே அனுபவம். என்ன, இங்கே கூட்டத்தில் மாட்டிக்கொண்டது சாமி :-)

இரண்டாம் நாள் காலையில் ஒரு சிவிங்கிப்புலி. (சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு. நம் செய்தித்தாள்கள் இரண்டையும் போட்டுக் குழப்பும். 2022-ல் நமீபியாவிலிருந்து குனோ காட்டுக்குக் கொண்டுவந்தார்களே, அதுதான் சிவிங்கி.) மூன்று குட்டிகளோடு இருந்தது. பக்கத்தில் மான் கூட்டம். தாய் மெல்ல எழுந்து நடக்க ஆரம்பித்தது. அது போகிற பக்கமெல்லாம் வண்டிகளும் நகர்ந்தன. ஒரு வண்டி முன்னால் போய் நிற்க, மான்கள் நிமிர்ந்து பார்த்தன, ஓடிவிட்டன. சிவிங்கி திரும்பி வந்து குட்டிகள் பக்கத்தில் படுத்துக்கொண்டது. எல்லோரும் அதையும் போட்டோ எடுத்தார்கள்.

அம்மாதான் சொன்னார்: "பிள்ளைக்குச் சோறு தேடப் போறவளை இப்படியா சுத்தி நின்னு மறிப்பாங்க? வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

அம்மா மனசு கேட்காமல் சொன்னது வெறும் பரிதாபம் இல்லை, அதற்குக் கணக்கே இருக்கிறது. மாராவின் சிவிங்கிகளைப் பற்றி ஃபெம்கே புருக்ஹைஸ் என்ற ஆய்வாளர் 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சுற்றுலா வண்டிகள் குறைவான பகுதிகளில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகள் தாயைப் பிரிந்து தனியே வாழும் வயதுவரை தப்பிப் பிழைத்தன. வண்டிகள் அதிகமான பகுதிகளில் 0.2. அதாவது ஐந்து தாய்கள் குட்டி போட்டால் மொத்தத்தில் ஒரு குட்டிதான் தேறுகிறது! உலகம் முழுக்கக் காட்டில் மிஞ்சியிருக்கும் சிவிங்கிகளே சுமார் 7,000 தான்.

வண்டி எதுவும் குட்டி மேல் ஏறிவிடுவதில்லை. சிவிங்கி பெரும்பாலும் பகலில் வேட்டையாடும் விலங்கு. நாம் சுற்றுவதும் பகலில்தான். வேட்டை தவறினால் தாய்க்கும் பட்டினி, குட்டிக்கும் பட்டினி. சிங்கமும் கழுதைப்புலியும் குட்டிகளைக் கொல்லக் காத்திருக்கும் இடத்தில், வண்டிச் சத்தத்தில் தாயும் குட்டியும் பிரிந்துபோவதும் ஆபத்து. யாரும் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று வருகிறோம், அது நாள் முழுக்க நடக்கிறது.

விதி இல்லையா? இருக்கிறது. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆனால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க" என்று கேட்டால் ஓட்டுநர் என்ன செய்வார்? டிப்ஸ் அவருக்குச் சம்பளத்தில் பாதி மாதிரி. ஐந்தும் காட்டினால் சந்தோஷமாகக் கொடுப்போம், மூன்று காட்டினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம். ஆக, வண்டியை ஓட்டுவது அவர், விரட்டுவது நாம். 2025 ஜூலையில் செரெங்கெட்டியில் சுற்றுலாப் பயணிகள் வண்டியை விட்டு இறங்கி ஆற்றங்கரையில் கூட்டமாக நின்று, ஆற்றைக் கடக்க வந்த வில்டபீஸ்ட்களை மறித்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அவர்களும் நம்மைப் போலக் குடும்பத்தோடு, காசு செலவழித்து வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

இந்த இடத்தில் அப்பாவின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். "2024 ஜூலையிலிருந்து நுழைவுக் கட்டணம் மட்டும் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர். நமக்கு இது வாழ்க்கையில் ஒரு தடவை. எல்லாத்தையும் பார்க்காமல் எப்படித் திரும்புவது?" நியாயமான கேள்விதான். கடன் வாங்கிப் போகிற குடும்பங்களும் உண்டு.

ஆனால் காசுக்கு மதிப்பு எதில் கிடைத்தது என்று பார்ப்போம். மூன்றாம் நாள் அம்மா சொன்னபடி ரேடியோவை அணைத்துவிட்டு ஆற்றோரம் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம். நீர்யானைகள் கொட்டாவி விட்டன. ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிக்க முன்னங்கால்களை அகட்டி வைத்துக்கொண்டு படுகிற பாட்டைப் பார்த்து அப்பாவே சிரித்துவிட்டார். நம்மூர்ப் பனங்காடைக்குச் சொந்தக்காரப் பறவை ஒன்று ஊதா மார்போடு வந்து உட்கார்ந்தது. சாணி உருண்டையை உருட்டிக்கொண்டு போன ஒரு வண்டை எட்டாம் வகுப்புப் படிக்கும் தம்பி இருபது நிமிஷம் பைனாகுலரில் பார்த்தான். முதல் இரண்டு நாளும் வண்டியில் தூங்கிக்கொண்டு வந்தவன் அவன்! நாங்கள் நாலு பேரும் ஒன்றையே பார்த்துப் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான். குடும்பத்தோடு போவது அதற்குத்தானே?

"அப்படியானால் போகவே வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். போக வேண்டும். காப்பகத்தைச் சுற்றியுள்ள நிலம் மாசாய் மக்களுடையது. அவர்கள் பல இடங்களில் தங்கள் நிலங்களை ஒன்றுசேர்த்து, சுற்றுலா முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டு மாத வருமானம் பெறுகிறார்கள். கன்சர்வன்சி என்று பெயர். அந்த வருமானம் நின்றால் நிலம் வேலிக்கும் உழவுக்கும் போகும், விலங்குக்கு இடம் இருக்காது. ஓலாரே மோடொரோகி என்ற கன்சர்வன்சியில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்று கட்டுப்பாடே வைத்திருக்கிறார்கள். வாடகை கூடத்தான். ஐந்து நாள் காப்பகத்தில் அலைவதற்குப் பதில் மூன்று நாள் இப்படி ஓர் இடத்தில் இருக்கலாம் என்பது என் கணக்கு.

அவ்வளவு வசதி இல்லையென்றால் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். ஜூன் வரை நுழைவுக் கட்டணம் பாதி, 100 டாலர்தான். வில்டபீஸ்ட் பெருங்கூட்டம் இருக்காது. ஆனால் சிங்கமும் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வருஷம் முழுக்க அங்கேயேதான் இருக்கின்றன. நம் கோடை விடுமுறையை மட்டும் நம்பாதீர்கள். ஏப்ரல், மே அங்கே பெருமழைக் காலம், பாதையெல்லாம் சேறு.

இதற்கெல்லாம் மேலே, செலவே இல்லாத ஒன்று இருக்கிறது. முதல் நாள் காலையிலேயே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்: எங்களுக்குப் பட்டியல் கிடையாது, ஐந்து வண்டி நின்றால் நாம் போக வேண்டாம், எதைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும் உங்கள் டிப்ஸ் குறையாது. அவர் தோளில் இருக்கும் பாரம் பாதி இறங்கிவிடும். சுவாஹிலியில் "போலே போலே" என்றால் மெதுவாக, மெதுவாக. அந்த ஒரு வார்த்தை தெரிந்தால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

அவசரத்தில் பாக்கியம் இல்லை என்று சுவாஹிலியில் ஒரு பழமொழி உண்டாம். பதறாத காரியம் சிதறாது என்று நம் பாட்டிகள் சொன்னதும் அதைத்தான். இனி யாராவது சஃபாரி போய் வந்தால் எத்தனை பார்த்தாய் என்று கேட்காமல், எதை ரொம்ப நேரம் பார்த்தாய் என்று கேட்டுப் பாருங்களேன்.